எங்கள் மலைச்சரிவில் நகர வளர்ச்சிக் கோட்டை நகர்த்தியவர்களுக்கு

தென்னாப்பிரிக்கா, டர்பன் நகர மன்ற உறுப்பினர்களே, நிலத் திட்டப் பிரிவு அதிகாரிகளே,

சென்ற மாதம் என் தோட்டத்து வேலியில் ஓர் அறிவிப்பைக் கட்டிவிட்டுப் போனீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள்தான் போட்டிருந்தீர்கள். ஆனாலும் மழைத்தண்ணீர் இறங்கி, வரைபடம் இருந்த பக்கம் பாதி அழிந்துவிட்டது. மிச்சம் இருந்ததே எனக்குப் போதும். நகர வளர்ச்சிக் கோடு என்று நீங்கள் சொல்லும் அந்தச் சிவப்புக் கோடு இதுவரை என் நிலத்துக்குக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது எதிர் மலையை முழுதாகச் சுற்றிக்கொண்டு எனக்கு மேற்கே போய் நிற்கிறது. மலைமேல் மதில் வைத்த குடியிருப்பு வருமாம். அடிவாரத்தில் கிடங்குகள்.

ஆட்சேபணையை ஆங்கிலத்தில், உங்கள் படிவத்திலேயே எழுதிக் கொடுத்தேன். கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டதாக ஒரே வரியில் பதில் வந்தது. அதனால்தான் இதைத் தமிழில், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் நாயுடு, பிள்ளை, கவுண்டர் என்று பெயர்ப்பலகை வைத்த மேசைகள் இருக்கின்றன. அவர்களில் யாராவது வாசித்துச் சொல்லட்டும். வாசிக்கத் தெரியாவிட்டால் வீட்டில் ஆயாவைக் கேட்கட்டும்.

2018-இல் நான் உங்களிடம் வந்தது உங்கள் கோப்பில் இருக்கும். என் மகளுக்குத் திருமணமாகிப் பிள்ளைகளும் வளர்ந்திருந்த நேரம். என் வீட்டுக்குப் பின்னால் இன்னொரு சிறிய வீடு கட்டிக்கொள்ள அனுமதி கேட்டேன். மறுத்தீர்கள். கழிவுநீர்க் குழாய் கோட்டுக்கு உள்ளே முடிகிறது, உங்கள் நிலம் கோட்டுக்கு வெளியே இருக்கிறது, ஒருவருக்காக நீட்டினால் எல்லோருக்கும் நீட்ட வேண்டிவரும், நகரத்திடம் அவ்வளவு பணம் இல்லை என்றார் அந்த அதிகாரி. பொறுமையாகத்தான் பேசினார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. வீட்டுக்கு வந்து மகளிடம் அதையே சொன்னேன். அவள் நகரின் வடக்கே பீனிக்ஸில் வாடகைக்கு வீடு பார்த்துப் போனாள். இன்றும் அங்கிருந்து இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறித்தான் வேலைக்குப் போகிறாள்.

குழாய் முடியும் இடம் என் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். புதிய திட்டப்படி அந்தக் குழாய் என் வாசலைத் தாண்டி, ஓடையைக் கடந்து, பம்பு நிலையம் வைத்து மலைமேல் ஏறப்போகிறது. எனக்கு முடியாதது எதிர் மலைக்கு எப்படி முடிந்தது? இந்த மடலில் நான் கேட்பது அடிப்படையில் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோட்டுக்கு எதிரி இல்லை. சுமார் 2500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் நகரம் இது. இங்கே நினைத்த இடத்திலெல்லாம் வீடு கட்ட விட்டால் ரோட்டுக்கும் குழாய்க்கும் பணம் கொடுத்தே நகரம் ஓட்டாண்டியாகும். 2022 ஏப்ரலில் என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மாநிலத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கழிவுநீர் நிலையங்கள் உடைந்து ஆறும் கடலும் நாறின. கடற்கரைகளை மூடி வைத்தோம். இருக்கிற குழாயைச் சரிசெய்யவே மூச்சு வாங்கும் நகரம், புதிய குழாயை மலைமேல் ஏற்றுகிறது.

அந்த இரவு என் கீழ்ப் பாத்திகளை ஆறு கொண்டுபோனது. மடும்பிக் கிழங்கு (சேப்பங்கிழங்கு) சேற்றோடு பிடுங்கிக்கொண்டு மிதந்ததை வரப்பில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். எனக்குப் போனது பயிர்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் பலகை வீட்டில் இருந்த சூலு இனத்து அம்மாவுக்கு வீடே போய்விட்டது. நான் அவரை 'மா' என்பேன், அவர் என்னை 'பாபா' என்பார். பத்து வருடமாக என் தோட்டத்தில் கொத்தமல்லி கட்டுகிறவர். கோயில் மண்டபத்தில் மூன்று வாரம் படுத்திருந்துவிட்டு, திரும்ப அதே ஓடைக்கரையில் அதே இடத்தில் பலகை அடித்தார். ஏன் மா என்று கேட்டால், வேலை இங்கேதானே இருக்கிறது என்கிறார். இப்போது மேலே உள்ள மலை முழுக்கப் புல்லும் கரும்பும் என்பதால் பெய்கிற மழையில் பாதியையாவது அது குடித்துக்கொள்கிறது. நாளைக்கு அங்கே கூரையும் தாரும் சிமெண்டும் வந்தால் அத்தனை தண்ணீரும் எந்தப் பக்கம் இறங்கும்? உங்கள் அறிவிப்பில் போக்குவரத்து ஆய்வு இணைப்பு என்று ஒன்று இருந்தது. மழைநீர் ஆய்வு என்று எதையும் காணோம். அழிந்துபோன பாதியில் இருந்ததோ என்னவோ.

இந்த நகரத்தில் கோடு போடுவது எங்களுக்குப் புதிய சங்கதி கிடையாது. 1943-இல் ஒரு சட்டம், 1946-இல் இன்னொரு சட்டம், இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம் என்று கோடு கிழித்தன. அதை எதிர்த்துத்தான் நட்டால் இந்திய காங்கிரஸ் தலைவர் டாக்டர் மான்டி நாயக்கரும் மற்றவர்களும் கேல் தெருவும் உம்பிலோ ரோடும் சேரும் முனையில், நகரசபைக்குச் சொந்தமான காலி மனையில் கூடாரம் அடித்து உட்கார்ந்து சிறைக்குப் போனார்கள். அப்புறம் 1950-இல், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம். 1958-இல் கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. நான் அங்கே பிறந்தவன். என் அப்பா அங்கே கீரையும் பீன்ஸும் போட்டு, விடிவதற்குள் சந்தைக்குக் கொண்டுபோவார். ஆப்பிரிக்க மக்களைக் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் அனுப்பினார்கள், எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு. கோயில்களை மட்டும் பெயர்த்தெடுக்க முடியவில்லை, அவை அங்கேயே நின்றன. எங்களுக்கு வீடு கட்டிய சாட்ஸ்வொர்த் நிலமும் முன்பு யாருடையது? எங்கள் ஆட்களே வாழை போட்டுக்கொண்டிருந்த நிலம். அதையும் பறித்துத்தான் எங்களுக்கு எண் போட்ட வீடுகளைக் கொடுத்தார்கள்.

இதை நான் பழங்கதையாகச் சொல்லவில்லை. கேட்டோ மேனர் நகர மையத்தை ஒட்டிய நிலம். எங்களை அப்புறப்படுத்திய பிறகு இருபது வருடத்துக்கு மேல் அதில் பெரும்பகுதி புதர் மண்டிக் கிடந்தது. அப்பா பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டார். மக்களை விளிம்புக்குத் தள்ளிவிட்டு நடுவே நிலத்தைக் காலியாகப் போட்ட அந்த வடிவத்தைச் சரிசெய்யத்தான், நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு வந்த திட்டங்கள் எல்லாம் 'நெருக்கமான நகரம்' என்று பேசின. உங்கள் கோடும் அதற்காகவே வந்தது. விளிம்பில் பரவாதே, உள்ளே இருக்கும் காலி நிலத்தில் கட்டு என்பதுதானே அதன் பொருள்? ஆக, கோட்டை வெளியே நகர்த்தும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் நிலத்தில் கட்ட வேண்டிய அவசியம் குறைந்துபோகிறது. மதில் வைத்த குடியிருப்புக்கு எங்கள் மலை சௌகரியம். அந்தச் சூலு அம்மாவுக்கும் என் மகளுக்கும் நகரத்துக்கு நடுவே ஒரு மனை கிடைப்பது இன்னும் தள்ளிப்போகிறது.

சரி, இந்தக் கோடு எப்படி நகர்கிறது? இதை எனக்கு விளக்கியவள் பேத்தி. பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டம் படிக்கிறாள். நீங்கள் ஸ்ப்ளூமா என்று சுருக்கிச் சொல்லும் 2013-ஆம் வருடத்து நிலத் திட்டச் சட்டம் 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு மனையின் பயன்பாட்டை மாற்ற அனுமதி கொடுப்பது நகரத்தின் திட்டத் தீர்ப்பாயம். அதில் மன்ற உறுப்பினர் யாரும் உட்காரக் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு, நகரின் நிலத் திட்ட ஆவணத்துக்கு முரணாகத் தீர்ப்பாயம் முடிவெடுக்கக் கூடாது என்கிறது. அந்த இடத்துக்கே உரிய தனிச் சூழ்நிலை இருந்தால்தான் விலகலாம். அந்த ஆவணத்தை ஏற்பது யார்? மன்றம். கோடு எதில் இருக்கிறது? அந்த ஆவணத்தில். ஆகவே மன்றத்தில் கோடு நகர்ந்த அன்றே பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. பிறகு தீர்ப்பாயத்தின் முன் நாங்கள் போய் நின்றால், 'இது திட்டத்துக்கு ஏற்றதாகத்தானே இருக்கிறது' என்பார்கள். மேல்முறையீட்டுக்கு 21 நாள் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் எதை எதிர்த்து முறையிடுவது?

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெரிய திட்டம், வருடா வருடம் அதில் திருத்தம். இந்தத் திருத்தம் எங்களுக்கெல்லாம் உள்ளூர் நூலகத்தில் மூன்று வாரம் மேசைமேல் கிடக்கும் ஒரு தடிப் புத்தகம். நிலத்தை முன்கூட்டியே 'வாங்கும் உரிமை' எழுதி வைத்திருப்பவர்களுக்கோ அது அறுவடைக் காலம். அவர்கள் சம்பளம் கொடுத்து ஆலோசகர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் நடத்தும் கூட்டங்கள் நடுவாரத்தில், காலை பத்து மணிக்கு, நகர மையத்தில். நான் அந்நேரம் வார்விக் முனையில் அதிகாலைச் சந்தையில் விற்று முடித்து, பக்கி வண்டியில் காலிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருப்பேன். (அந்தச் சந்தையையே 2009-இல் எடுத்துவிட்டு மால் கட்டப் பார்த்தார்கள். அதைத் தடுத்தது சந்தைக்காரர்கள் தெருவில் இறங்கியதால்தான், எந்தப் படிவத்தாலும் இல்லை.)

இப்போது பணத்தைப் பற்றிப் பேசலாம். இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பீன்ஸ் விளையும் ஒரு ஹெக்டேர் வேறு விலை, வீடு கட்ட அனுமதித்த ஒரு ஹெக்டேர் வேறு விலை. இரண்டுக்கும் மண் ஒன்றுதான். நடுவே நடந்தது நீங்கள் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டது மட்டும். அந்த வித்தியாசத்தை உழைத்து உண்டாக்கியவர் யாரும் கிடையாது. அது நகரத்தின் முடிவால் உண்டானது, நகரத்தின் குழாயும் ரோடும் சேர்ந்து உண்டாக்கியது. ஆனால் போய்ச் சேர்வது நில உரிமையாளரின் பைக்கு. வடக்கே பாருங்கள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்தவர்கள் தொடங்கி, எங்கள் முன்னோர் ஒப்பந்தக் கூலியாகக் கரும்பு வெட்டிய கரையோரம் அது. உம்லாங்கா மேட்டில் கரும்பு போய் அலுவலகங்கள் வந்தன. 2001-இல் பெரிய மால் வந்தது, 2010-இல் இன்னும் வடக்கே விமான நிலையம் வந்தது. கரும்பு நிலம் மனையானபோது ஏறிய விலையில் கரும்பு வெட்டியவர் வீட்டுக்கு எவ்வளவு போனது? எங்கள் ஆட்களிலும் அங்கே வீடு வாங்கியவர்கள் உண்டு, மறைக்கவில்லை. வாங்கியது முழு விலைக்கு.

தெற்கே கதை வேறு. பழைய விமான நிலையத்தைச் சுற்றி எங்களைப் போன்றவர்கள் குத்தகைக்குக் காய்கறி போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே துறைமுகம் தோண்டப்போவதாகச் சொல்லி 2012-இல் அந்த இடம் கைமாறியது. காலி செய் என்று நெருக்கினார்கள். துறைமுகம் இன்னும் தோண்டப்படவில்லை.

என் விஷயத்தில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கோடு நகர்ந்ததில் என் நிலமும் உள்ளே வந்துவிட்டது. ஒரு தரகர் இரண்டு முறை வந்து போய்விட்டார். அவர் சொன்ன தொகை, நாற்பது வருடம் நான் விற்ற காய்கறிக்கெல்லாம் சேர்த்து வந்ததைவிட அதிகம். மகள் விற்கச் சொல்கிறாள், அவளைக் குறை சொல்ல முடியாது. விற்றால் எனக்குக் கிடைப்பதும் நான் உழைக்காத பணம்தான். ஆகவே மற்றவர்களுக்கு நான் கேட்கும் விதி எனக்கும் சேர்த்துத்தான்.

விற்காவிட்டாலும் நிம்மதி கிடையாது. 2004-ஆம் வருடத்து வரிச் சட்டப்படி நிலத்தின் சந்தை விலைக்குத்தான் வரி. விவசாய நிலத்துக்கான வீதம் வீட்டு வீதத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது, நல்ல விதி. ஆனால் வீதம் குறைவாக இருந்து என்ன, மதிப்பு பல மடங்கு ஏறினால் வரியும் ஏறத்தானே செய்யும்? அடுத்த மதிப்பீட்டுப் பட்டியலில் என் பீன்ஸ் பாத்தி 'வளர்ச்சிக்கு ஏற்ற நிலம்' என்ற விலைக்கு ஏறும். இடுப்பு வலியால் ஒரு பருவம் விதைக்காமல் விட்டால் 'காலி மனை' என்று எழுதிவிடுவார்கள், அதற்கு வீதமே வேறு. இப்படித்தான் ஒருவரை யாரும் கையைப் பிடித்துத் தள்ளாமலே நிலத்தைவிட்டு இறக்குவது. அப்பாவைக் காவலர்களும் லாரியும் வந்து இறக்கினார்கள். என்னை இறக்க வரி கேட்கும் ஒரு சீட்டு போதும்.

மேற்கே இன்னும் கொஞ்சம் போனால் பாரம்பரியத் தலைவர்களின் பொறுப்பில் உள்ள நிலம். 1994-இல் அமைத்த அறக்கட்டளையின் கீழ் இருப்பது. அங்கே தலைவரிடம் கேட்டு மனை வாங்கி மக்கள் வீடு கட்டிக்கொள்கிறார்கள், உங்கள் கோடு அங்கே மெல்லிய நூல்தான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நகரத்துக்குள் அவர்கள் வாங்கக்கூடிய மனை எங்கே இருக்கிறது? ஆக, கையில் பணம் இருப்பவர் கோட்டை நகர்த்துகிறார், இல்லாதவர் அதைக் கண்டுகொள்வதில்லை. இரண்டுக்கும் நடுவே படிவம் நிரப்பி, கட்டணம் கட்டி, 'முடியாது' என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களை மட்டும்தான் அது கட்டுப்படுத்துகிறது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன், அதனால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

எங்களுக்கு வேண்டியது இதுதான். எதிர் மலையைக் கோட்டுக்குள் சேர்த்த முடிவை, கீழே சொல்பவை நடக்கும்வரை நிறுத்தி வையுங்கள்.

கடந்த பத்து வருடத்தில் கோடு எங்கெல்லாம் நகர்ந்தது, ஒவ்வொரு முறையும் கேட்டவர் யார், அந்த நிலத்தில் யாருக்கு உரிமை அல்லது வாங்கும் உரிமை இருந்தது, நகர்வதற்கு முன்னும் பின்னும் அதன் மதிப்பு என்ன, குழாய்க்கும் ரோட்டுக்கும் பம்புக்கும் நகரம் போட்ட பணம் எவ்வளவு என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள். இனி கோடு நகரும் ஒவ்வொரு முறையும் இந்த விவரங்கள் அறிவிப்போடு சேர்ந்தே வேலியில் தொங்க வேண்டும்.

ஏறும் மதிப்பில் ஒரு பங்கை நகரத்துக்கு எடுங்கள். முழுவதையும் கேட்கவில்லை. பிரிட்டனில் 1947-இல் முழுவதையும் அரசுக்கு என்று கேட்டுப் பார்த்து, சில வருடத்திலேயே கைவிட்டார்கள் என்று பேத்தி சொன்னாள். ஒரு பங்கு போதும். ஆனால் அது பொதுக் கணக்கில் போய்க் கரையக் கூடாது. நகரத்துக்குள்ளே காலியாகக் கிடக்கும் பொது நிலத்தில், ஓடைக்கரையில் இருப்பவர்களுக்கு வீடு கட்ட என்று தனியாக எழுதி வையுங்கள். என் நிலத்தை நான் விற்றால் என்னிடமும் அந்தப் பங்கை எடுங்கள்.

கோட்டுக்குள் வந்த பிறகும் பயிர் செய்கிறவரின் நிலத்தை, அவர் பயிர் செய்யும் வரை, விளைச்சல் மதிப்பில் மதிப்பிடுங்கள்.

மலைமேல் ஒரு செங்கல் வைப்பதற்கு முன் மழைநீர் ஆய்வு செய்யுங்கள். 2022-இல் தண்ணீர் எந்த மரம் வரை வந்தது என்று காட்ட ஓடையின் இரு கரையிலும் ஆட்கள் இருக்கிறோம். ஆய்வு செய்பவர் முதலில் எங்களிடம் வரட்டும்.

குழாய் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும் என்றால், கோட்டுக்கு வெளியே இருப்பதாகச் சொல்லி நீங்கள் மறுத்த பழைய விண்ணப்பங்களையெல்லாம் மறுபடி எடுத்துப் பாருங்கள், புதிய கட்டணம் கேட்காமல்.

கடைசியாக, இதைப் பற்றி எங்களிடம் பேச இங்கே வாருங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல், அல்லது சந்தை இல்லாத ஒரு சாயங்காலம். சூலு மொழியிலும் பேசுங்கள், அந்த அம்மாவும் வருவார். கோயில் மண்டபத்தை இலவசமாகத் தருவதாக நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்கள். நாற்காலி இருநூறு இருக்கிறது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி ஞாயிறுகளைத் தவிர எந்த நாளும் எங்களுக்குச் சரிதான். இரண்டு வாரத்துக்குள் தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்துக்கு மேற்கே, ஓடையோரம் காய்கறி போடும் ஒருவன்